பகலில் இருப்பவரின் பேட்டை

"அண்ணே, இங்க காலையில எட்டரை மணிக்கு மேல மனுசக் குரலே கேக்கல" என்று என் தங்கை போனில் சொன்னாள். அவள் சிங்கப்பூர் வந்து இறங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 2023 ஏப்ரல் மாதம். மாப்பிள்ளை பிப்ரவரியிலேயே வந்து வேலையில் சேர்ந்து, மார்ச்சில் வீடு பிடித்திருந்தார். பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு காண்டோ. வாசலில் காவலர், உள்ளே நீச்சல் குளம், பதினோராவது மாடியில் கடல் தெரிகிற பால்கனி. அவருடைய அலுவலகம் இருக்கும் ஒன்-நார்த்துக்கு எம்ஆர்டியில் இரண்டே நிலையம். பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது எனக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஒரு கட்டு முருங்கைக்கீரை வேண்டுமென்றால் தங்கை மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா வரைக்கும் போக வேண்டியிருந்தது. நாடு முழுவதற்கும் காய்கறி பிரிந்து போகும் மொத்தச் சந்தை அதே பாசிர் பாஞ்சாங்கில்தான் இருக்கிறது. அங்கே பெட்டிக் கணக்கில் விற்பார்கள்.

வேலை கிடைத்தவர் முன்னால் போவார், வீடு பார்ப்பார், பிறகு குடும்பம் போகும். வெளிநாட்டுக்கு மாறும் நம் குடும்பங்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். பதினேழு வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் வந்தேன். என் மனைவி அந்த முதல் வருடத்தை எப்படிக் கழித்தாள் என்று நான் கேட்டதில்லை. தங்கை பேசிய அன்று இரவுதான் கேட்டேன். மனைவி சொன்னதைக் கேட்டபிறகு, இந்த ஊரில் யார் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே, அதில் எவ்வளவு அவர்கள் விருப்பம், எவ்வளவு சட்டம் என்று தேட ஆரம்பித்தேன். புதிதாக வந்தவர்களோடு வீடு பார்க்கவும் போனேன். நான் வந்து சேர்ந்த முடிவு இது: வெளிநாட்டில் எந்த வட்டாரத்தில் இருப்பது என்பதை, பகலில் அந்த வட்டாரத்தில் இருக்கப்போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு வட்டாரம் என்பது வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை பத்து நிமிட நடை, அவ்வளவுதான். அவருடைய பகலெல்லாம் வேறிடத்தில் கழிகிறது.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே நெடுங்காலம் இருக்கவில்லை. வேலை எங்கே கிடைத்ததோ அங்கேதான் படுக்கை. இன்று லிட்டில் இந்தியா என்று எல்லோரும் சொல்லும் சிராங்கூன் சாலைப் பகுதிக்குப் பழைய தமிழர் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். கம்போங் என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் கம்பம் ஆயிற்று. அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. மலாய்க்காரர்கள் அதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில் என்றார்கள். காளவாயும் மாட்டுத் தொழிலும்தான் ஆட்களை அங்கே இழுத்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் தஞ்சோங் பகாரில் இருந்தார்கள். வடக்கே செம்பவாங்கில் 1938-ல் திறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தைச் சுற்றி மலையாளிகளும் தமிழர்களும் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அந்தத் தளத்து மக்கள் கும்பிட்ட பாலசுப்பிரமணியர் கோயில் இன்று ஈசூனில் நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே போனால், தளத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். கிழக்கே சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில், எழுத்தர் வேலைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் வளர்த்த கோயில்.

அந்த வாழ்க்கை சுகமானதென்று நான் சொல்லவில்லை. கூலி வரிசை வீடுகளின் நெரிசலும் அழுக்கும் எழுதித் தீராது. ஆனால் அங்கே ஒன்று தானாகக் கிடைத்தது. ஒரே வேலை பார்த்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே இடத்தில் இருந்ததால், மளிகைக் கடையும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் பிள்ளைப்பேறு பார்க்கிற கிழவியும் அவர்களோடு சேர்ந்தே வந்தார்கள். ஆண்கள் வேலைக்குப் போன பிறகும் பகலில் அங்கே ஓர் ஊர் இருந்தது. இன்று வருகிறவருக்கு விரும்பிய இடத்தில் வீடு எடுக்கும் வசதி இருக்கிறது. கூட வர ஊர் இல்லை. அதை அவர்தான் தேடிப் போய் அதன் பக்கத்தில் வீடு எடுக்க வேண்டும்.

எங்கே தேடுவது? புதிதாக வருகிற எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்ம ஆளுங்க எங்க ஜாஸ்தி?" இந்தக் கேள்விக்கு மற்ற நாடுகளில் நேர்ப் பதில் உண்டு. லண்டன் என்றால் ஈஸ்ட் ஹாம் என்று சொல்லிவிடலாம். டொராண்டோ என்றால் ஸ்கார்பரோ. சிங்கப்பூரில் அப்படிச் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் ஒரு சட்டம்.

குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக என்று நாங்கள் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். 1960-ல் தொடங்கிய கழகம் அது. பழைய கம்பங்களையும் கடைவீடுகளையும் விட்டு மக்கள் இந்த அடுக்குமாடிகளுக்கு மாறிய பிறகும், சில பேட்டைகளில் ஓரினத்தவரே மறுபடி குவியத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு பேட்டையிலும், அதற்குள் ஒவ்வொரு புளோக்கிலும், ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து பேட்டையில் 12%, புளோக்கில் 15%. 2010-ல் உயர்த்தப்பட்ட அளவு இது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர் 9%. ஆகவே எந்தப் புளோக்கும் தமிழர் புளோக் ஆக முடியாது. அதேபோல, பெரும்பாலான புளோக்குகளில் ஏதாவது ஒரு மாடியில் காலையில் தாளிக்கிற வாசனை வரும்.

இந்த வரம்பு வீடு வாங்குகிறவர்களுக்கு. வாடகைக்கு வருகிற வெளிநாட்டவருக்கு வேறு வரம்பு இருக்கிறது. புதிதாக வந்தவர்களில் பலருக்கு முன்பணம் கொடுக்கும் நாள் வரை அது தெரிவதில்லை. 2014 முதல், வீவக முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டவர் பேட்டையில் 8%, புளோக்கில் 11% தாண்டக் கூடாது. மலேசியர்களுக்கு மட்டும் விலக்கு. வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டுக்காரர் சம்மதித்தாலும் வெளிநாட்டவர் அங்கே முழு வீடு எடுக்க முடியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தமும் வீவக வீட்டில் செல்லாது. காண்டோக்களில் இந்த இனக் கணக்கும் குடியுரிமைக் கணக்கும் இல்லை. அதனால்தான் வட இந்திய, தமிழ் ஐடி குடும்பங்கள் கிழக்குக் கடற்கரைப் பக்கமும் சாங்கி வர்த்தகப் பூங்காவுக்கு அருகிலும் சில காண்டோக்களில் கூட்டமாகச் சேர்கின்றன.

சட்டம் சுதந்திரத்தைக் குறைக்கிறது என்று கோபப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை விற்கப்போய், அங்கே சீனர்களுக்கான வரம்பு நிரம்பியதால் சீனருக்கு விற்க முடியாமல், வாங்க வேறு ஆளும் எளிதில் கிடைக்காமல் விலையைக் குறைத்து விற்கிற சிறுபான்மையினரின் வலி உண்மையானது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாடகைக்கு வருகிற குடும்பத்தைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் நல்லதையே செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்று எந்த வீவக நகருக்குப் போனாலும் சந்தை ஒன்று, உணவங்காடி நிலையம் ஒன்று, அதில் பெரும்பாலும் பரோட்டாவும் தோசையும் போடுகிற கடை ஒன்று, மருந்தகம், பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும். "நம்ம ஆளுங்க எங்க ஜாஸ்தி" என்று கேட்பதைவிட "பகலில் ஆட்கள் எங்கே கண்ணில் படுவார்கள்" என்று கேட்பது இங்கே அதிகப் பயன் தரும். அந்த ஆட்கள் சீனப் பாட்டியாகவோ மக்சிக் என்று அழைக்கப்படும் மலாய் அத்தையாகவோ இருந்தால் என்ன?

பகல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் விசாவில் இருக்கிறது. வேலை அனுமதியில் வருகிறவர் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்கினால்தான் மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ டிபெண்டன்ட் பாஸில் அழைத்துவர முடியும். முன்பெல்லாம் அந்தப் பாஸில் வந்தவர் வேலைக்குப் போக ஓர் இசைவுக் கடிதம் போதும். 2021 மே 1 முதல் அந்த வழி அடைபட்டது. இப்போது அவர் தனக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். அதற்கு உரிய சம்பளமும் தகுதியும் தருகிற நிறுவனம் கிடைக்க வேண்டும். என் தங்கை மதுரையில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சர். அவள் வீட்டில் இருப்பது அவள் எடுத்த முடிவு இல்லை. இப்படி ஊரில் வேலை பார்த்து, சொந்தச் சம்பளம் வாங்கி, இங்கே வந்த நாளிலிருந்து பகலெல்லாம் நான்கு சுவருக்குள் இருக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வட்டாரம்தான் அலுவலகம், தெரு, உறவு எல்லாம். அதைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாட்ஸாப்பில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீடியோவில் என்ன தெரியும்? கூடம் தெரியும், குளியலறை தெரியும். வெயில் தெரியாது. சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்தவரிடம் வீடு பற்றிக் கேட்டுப் பாருங்கள், முதலில் மேற்கு வெயில் விழுமா என்று கேட்பார். ஏஜெண்டுகள் வீடு காட்டுவது பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு, ஆபீஸ் முடிந்து. அப்போது சன்னல் வழியே நல்ல காற்று வரும். நான் யாரோடு போனாலும் மூன்றரை மணிக்குத்தான் போகச் சொல்வேன். படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்வேன். மேற்குச் சுவர் என்றால் கை பொறுக்காது. அந்தச் சூடு இரவு பத்து மணி வரை அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பகலில் அந்த அறையில் பிள்ளையைத் தூங்கவைக்கப்போகிறவருக்கு அது ஏசி பில் மட்டும் இல்லை.

பிறகு கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான வீவக புளோக்குகளின் தரைத்தளத்தில் வீடுகள் கிடையாது. திறந்த வெளியாகத் தூண்கள் மட்டும் இருக்கும். அங்கே கல்மேசையில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். வயதானவர்கள் உட்கார்ந்திருந்தால் அது நல்ல புளோக். குழந்தை விழுந்தால் பார்க்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து ரயில் நிலையம் வரை கூரை போட்ட நடைபாதை தொடர்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். 2013-ல் தொடங்கி 2018-க்குள் அரசாங்கம் 200 கிலோமீட்டர் அளவுக்குக் கூரை நடைபாதை போட்டது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் வரைக்கும்தான் பெரும்பாலும் அந்தக் கூரை. அதைத் தாண்டினால் மழைக்குக் குடைதான். தள்ளுவண்டியில் பிள்ளை, ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் குடை என்று ஒருமுறை நடந்தால் அந்த 400 மீட்டர் எவ்வளவு பெரிய கணக்கு என்று தெரியும். ஈரச்சந்தைக்குக் காலையில் போக வேண்டும், பகல் ஒரு மணிக்குள் பாதிக் கடைகள் மூடிவிடும். திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டு "இங்க ஒண்ணுமே இல்ல" என்று முடிவு செய்துவிட வேண்டாம், அன்று பலர் கடை திறக்க மாட்டார்கள்.

தேக்காவிலேயே குடியிருந்தால் என்ன என்று கேட்பார்கள். வாழையிலை, ஆட்டுக்கறி, மல்லிகைச் சரம், வீரமாகாளியம்மன் கோயில் எல்லாம் காலடியில். நான் பரிந்துரைப்பதில்லை. அது சந்தை. குடும்பங்கள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிகளிலிருந்து வரும் நம் தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் கூடுகிற முக்கியமான இடம். அந்த இடம் அவர்களுக்கு வேண்டும். நமக்கு அது நேர் ரயிலில் இருந்தால் போதும். 2003-ல் ஓடத் தொடங்கிய வடகிழக்கு ரயில் பாதை பொங்கோல், செங்காங், ஹவ்காங், கோவன், போத்தோங் பாசிர் என்று வந்து ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா நிலையங்களைத் தொடுகிறது. இந்த ஊதா நிறப் பாதையில் எங்கே வீடு எடுத்தாலும் மாறாமல் தேக்கா போகலாம். இந்தியப் பாடத்திட்டம் சொல்லித்தரும் பன்னாட்டுப் பள்ளி ஒன்று 2018-ல் பொங்கோலில் பெரிய வளாகம் திறந்த பிறகு அந்தப் பக்கம் நம் குடும்பங்கள் இன்னும் கூடின.

பள்ளியைப் பற்றி ஒன்று மட்டும். பெயர்பெற்ற அரசுத் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு எடுத்தால் இடம் கிடைக்கும் என்று அதிக வாடகை கொடுக்கிறவர்கள் உண்டு. அந்தத் தூரச் சலுகை வெளிநாட்டுப் பிள்ளைக்கு உதவாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து முடித்த பிறகு, கடைசிக் கட்டத்தில், மிச்சம் இருக்கும் இடங்களில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு.

இனி வீட்டுக்காரர்கள். "இந்தியர் வேண்டாம்", "சமைக்கக் கூடாது" என்று எழுதிய வாடகை விளம்பரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஏஜெண்டுகள் அப்படி இனம் பார்த்து விளம்பரம் போடக் கூடாது என்பது விதி. எழுத்தில் குறைந்திருக்கிறது, போனில் பெயரைச் சொன்னதும் "வீடு போயிடுச்சு" என்று சொல்வது நிற்கவில்லை. இது வலிக்கும். வலிக்கவில்லை என்று புதிதாக வருகிறவர்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதோடு இதையும் சொல்வேன். 2011-ல், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் வைக்கிற கறிக்குழம்பின் வாசனை பொறுக்கவில்லை என்று சீனாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று முறையிட்ட செய்தி வெளியானது. சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், யுரேஷியர் எல்லோரும் அந்த ஆகஸ்ட் 21-ஆம் தேதி தங்கள் வீட்டில் கறி சமைக்கும் நாள் என்று அறிவித்துச் சமைத்தார்கள். எங்கள் புளோக்கில் அன்று மாலை லிஃப்டில் ஏறியபோது ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்ததும் ஒவ்வொரு விதமான மசாலா வாசனை வந்தது. எனக்கு அந்த மாலை மறக்காது. வீட்டுக்காரரிடம் சமையலைப் பற்றி ஒளிக்காமல் முதலிலேயே பேசிவிடுங்கள். தயங்குகிறவரின் வீடு வேண்டாம். இரண்டு வருடம் ஒவ்வொரு தாளிப்புக்கும் சன்னலைச் சாத்திக்கொண்டு யாரும் வாழ முடியாது.

இரண்டு வருடம் என்றேன். அதுதான் இங்கே வழக்கமான ஒப்பந்தக் காலம். ஒரு வருடத்துக்கு ஒரு மாத வாடகை என்ற கணக்கில் இரண்டு மாத முன்பணம், மொத்த வாடகையில் 0.4% முத்திரைத் தீர்வை, ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் செலவில் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. ஒரு வருடம் முடிந்தபின் இரண்டு மாத அறிவிப்பு கொடுத்து விலகலாம் என்ற 'டிப்ளோமேட்டிக் கிளாஸ்' ஒன்றும் இருக்கும். மாப்பிள்ளை அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். வேலை போனாலோ நாட்டை விட்டு மாற்றல் ஆனாலோதான் அது செல்லும் என்று பிறகுதான் கவனித்தார். மனைவிக்கு இந்த இடத்தில் பகல் நகரவில்லை என்பது எந்த ஒப்பந்தத்திலும் காரணமாக எழுதப்படுவதில்லை.

அவர் அவசரப்பட்டதிலும் நியாயம் இருந்தது. 2022 ஒரே வருடத்தில் தனியார் வீட்டு வாடகை 29.7% ஏறியிருந்தது. 2023 மார்ச்சில் காலையில் பார்த்த வீடு மாலையில் கைமாறியது. அலுவலகம் கொடுத்த தங்கும் இடத்தில் ஒரு மாதம்தான் இருக்க முடியும். அந்த ஒரு மாதத்தை இரண்டாக நீட்டச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டிருக்கலாம், அல்லது குடும்பம் வரும்வரை ஓர் அறை எடுத்திருக்கலாம். சர்வீஸ் அபார்ட்மெண்டில் கூடுதலாக ஒரு மாதம் கொடுக்கும் பணம் பெரிதாகத்தான் தெரியும். இருபத்து நான்கு மாதத்தோடு வைத்துப் பார்த்தால் அது சிறிய தொகை.

2025 தொடக்கத்தில் ஒப்பந்தம் முடியும்போது தங்கையே வீடு தேடினாள். ஐந்து வாரம். வெயிலில் போனாள், ஒருநாள் அடைமழையில் போனாள், பையனையும் நடக்கவைத்துக் கூட்டிப்போனாள். ஹவ்காங்கில் அவளுக்குப் பிடித்த வீட்டை வெளிநாட்டவர் வரம்பு நிரம்பியதால் விட வேண்டியதாயிற்று. கடைசியில் கோவனில் ஒரு வீவக வீடு. ஏழாவது மாடி, கிழக்குச் சன்னல். குளம் இல்லை, காவலர் இல்லை. சந்தை ஆறு நிமிட நடை. மாப்பிள்ளைக்கு ஒன்-நார்த் போகச் சிராங்கூனில் ரயில் மாறி, வாசலிலிருந்து வாசலுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. முதல் மாதம் முணுமுணுத்தார்.

போன வாரம் காலை பத்து மணிக்கு அங்கே போனேன். தங்கை சந்தையில் இருந்தாள். மீன் கடைச் சீனப் பெரியவர் அவளிடம் மாண்டரினில் ஏதோ கேட்டார், அவள் விரலால் மூன்று காட்டினாள், அவர் வஞ்சிரத்தை மூன்று துண்டாக வெட்டினார். கீரைக்கடைக்காரம்மா பையனைப் பார்த்ததும் "ஆ பாய்!" என்று கூப்பிட்டு ஒரு ரம்புத்தானைக் கையில் கொடுத்தார். பலகைக்கு அடியில், ஈரத்துணியில் சுற்றி, முருங்கைக்கீரை ஒரு கட்டு எடுத்துவைத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் தங்கைக்காக வருவிக்கிறாராம். "அண்ணே, பையைக் கொஞ்சம் பிடிங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்துக் கடையில் தேங்காய் துருவக் கொடுக்கப் போனாள்.